போனஸ் வந்தால் பிள்ளைக்குக் கட்டும் தொகை கூடுமா?

கேள்வி: பிரிட்டனில் வேலை பார்க்கிறேன். மனைவியும் நானும் பிரிந்துவிட்டோம். எட்டு வயது மகள் அம்மாவோடு இருக்கிறாள். சனிக்கிழமைகளில் என்னிடம் வருவாள், இரவு தங்குவதில்லை. ஆண்டுச் சம்பளம் 40,000 பவுண்டு என்ற கணக்கில், வாரம் சுமார் 92 பவுண்டு கட்டும்படி சைல்டு மெயின்டனன்ஸ் சர்வீஸ் (சி.எம்.எஸ்., பிரிந்த பெற்றோர் பிள்ளைக்குக் கட்ட வேண்டிய தொகையைக் கணக்கிடும் அரசு அமைப்பு) சொன்னது. கட்டி வருகிறேன். இந்த ஏப்ரலில் சம்பளம் 44,000 ஆகிவிட்டது. இதே வரி ஆண்டில் 5,000 பவுண்டு போனஸும் வரப்போகிறது. தொகை உடனே கூடுமா?

பதில்: உடனே கூடாது. ஆனால் பின்னால் கூடும். பலர் தடுமாறுவது இந்த இடைவெளியில்தான்.

சி.எம்.எஸ். உங்கள் இந்த மாதச் சம்பளத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவதில்லை. பிரிட்டனின் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.யிடம் கடைசியாகப் பதிவாகியிருக்கும் வரி ஆண்டின் மொத்த வருமானத்தை எடுத்துக்கொள்கிறது. வருமான வரியும் நேஷனல் இன்சூரன்ஸும் பிடிப்பதற்கு முந்தைய தொகை அது. ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு நடக்கும். நடுவில் கணக்கை மாற்ற வேண்டுமென்றால், இப்போதைய வருமானம் அவர்கள் எடுத்துக்கொண்ட தொகையிலிருந்து குறைந்தது 25% மாறியிருக்க வேண்டும். உங்கள் சம்பள உயர்வு 10%தான். போனஸையும் சேர்த்து 49,000 என்று வைத்துக்கொண்டாலும் 22.5%தான் வருகிறது. ஆக, இப்போதைக்கு அதே 92.

அப்புறம் என்ன நடக்கும்? இந்த வரி ஆண்டின் வருமானத்தை வைத்து மறுஆய்வு நடக்கும்போது 49,000 முழுதாகக் கணக்கில் வரும். போனஸும் சம்பளம்தான், தனியாக ஒதுக்கிவைக்க மாட்டார்கள். ஒரு பிள்ளைக்கு வார வருமானத்தில் முதல் 800 பவுண்டுக்கு 12%, அதற்கு மேல் 3,000 வரை 9%. அந்தக் கணக்கில் உங்களுக்கு வாரம் 108 அல்லது 109 பவுண்டு ஆகும்.

கவனிக்க வேண்டியது அதற்கு அடுத்த கட்டம். அந்தப் புதுத் தொகையை நீங்கள் கட்டிக்கொண்டிருக்கும்போது கையில் போனஸ் இருக்காது, 44,000 சம்பளம் மட்டும்தான் இருக்கும். அந்தச் சம்பளத்துக்கு வாரம் சுமார் 100தான் வர வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் 49,000த்திலிருந்து 44,000 என்பது 10% சொச்சம்தான் குறைவு. 25% விதி அப்போது உங்களுக்கு எதிராக நிற்கும், அடுத்த மறுஆய்வு வரை குறைக்க மாட்டார்கள். அதனால் போனஸ் கைக்கு வந்த அன்றே 450 பவுண்டைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுங்கள். 5,000த்தில் 9% அது. போனஸால் மட்டும் ஓர் ஆண்டில் கூடப்போகும் தொகை. வரியும் இந்த 450 பவுண்டும் போக மீதியைத்தான் உங்கள் பணமாக நினைக்க வேண்டும்.

போனஸை அப்படியே பென்ஷனில் போட்டால் கணக்கு குறையுமா என்று சிலர் கேட்கிறார்கள். பென்ஷனுக்குக் கட்டும் பணத்தைக் கழித்துத்தான் கணக்குப் போடுகிறார்கள் என்பது உண்மை. ஓய்வுக்காலத்துக்காக நியாயமாகச் சேர்ப்பதில் தவறே இல்லை. ஆனால் தொகையைக் குறைப்பதற்காகவே வருமானத்தைத் திருப்பிவிடுவதாகத் தெரிந்தால், மகளின் அம்மா கணக்கை மாற்றக் கோரி விண்ணப்பிக்கலாம். அந்த வழிக்குப் போக வேண்டாம் என்பேன். குறைவது உங்கள் மகளுக்குச் சேர வேண்டிய பணம்.

வீடு மாறினாலோ வேலை மாறினாலோ சி.எம்.எஸ்.ஸிடம் சொல்லிவிடுங்கள். மறுஆய்வுக் கடிதம் வந்ததும் எந்த வரி ஆண்டு, எவ்வளவு வருமானம் என்று எழுதியிருப்பதை உங்கள் பி-60 படிவத்தோடு (வரி ஆண்டு முடிந்ததும் வேலை தருபவர் கொடுக்கும் சம்பளம், வரி விவரச் சான்று) ஒப்பிட்டுப் பாருங்கள். மகள் வாரம் ஓர் இரவு உங்களிடம் தங்கத் தொடங்கினால், ஆண்டுக்கு 52 இரவு ஆனதும் தொகையில் ஏழில் ஒரு பங்கு குறையும். அதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று: மகளின் அம்மாவிடம் சம்பளம் கூடியதை நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது. புதுத் தொகை எப்போதிலிருந்து, சுமாராக எவ்வளவு என்று தெரிந்தால் அவரும் மகளின் செலவுகளை அதற்கேற்பத் திட்டமிடலாம்.