எடை சரி, ஆனால் மண் தின்கிறான்: வைட்டமின் ஏ கொடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. எடை 12.5 கிலோ, உயரமும் வயதுக்கு ஏற்றபடி இருக்கிறது. ஆனால் சாப்பாடு இறங்குவதே இல்லை. பால் மட்டும் தினமும் ஒரு லிட்டர் குடிப்பான். கொஞ்ச நாளாக மண்ணை அள்ளித் தின்கிறான். ஆல்ஃபிரட் சோமரின் ஆய்வைப் படித்தேன். வைட்டமின் ஏ கொடுத்ததால் குழந்தை இறப்பு குறைந்ததாமே? நானே வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அதற்குப் பதில் இந்த வாரமே ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

நீங்கள் படித்தது மிகப் பெரிய ஆய்வு. சோமர் ஒரு கண் மருத்துவர். இந்தோனேசியாவில் மாலைக்கண் உள்ள குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, மற்ற குழந்தைகளைவிட அவர்கள் பல மடங்கு அதிகமாக இறப்பதைக் கண்டார். அப்புறம் ஆச்சே பகுதியில் 450 கிராமங்களில் சோதனை நடந்தது. பாதி கிராமங்களின் குழந்தைகளுக்கு ஆறு மாத இடைவெளியில் 2 லட்சம் அலகு வைட்டமின் ஏ கொடுத்தார்கள். அங்கே இறப்பு 34 சதவீதம் குறைவு என்று 1986-இல் வெளியிட்டார்கள். தொண்டை, நுரையீரல், குடல் ஆகியவற்றின் உட்படலம் திடமாக இருக்கவும் கிருமியை எதிர்க்கவும் இந்தச் சத்து வேண்டும்.

ஆனால் அந்தப் பலன் கிடைத்தது, பற்றாக்குறை பரவலாக இருந்த ஊர்களில். போதுமான அளவு உள்ள குழந்தைக்கு மேலே கொடுத்தால் கல்லீரலில் சேர்ந்துகொண்டே போகும், மிஞ்சினால் நஞ்சு. மங்கலான வெளிச்சத்தில் தடுமாறுகிறான், கண்ணின் வெள்ளைப் பகுதியில் நுரை போன்ற திட்டு தெரிகிறது, அல்லது தட்டம்மை வந்திருக்கிறது என்றால் கதை வேறு. அப்போது மருத்துவரே அளவு பார்த்துக் கொடுப்பார்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைப்பது அந்த ஒரு லிட்டர் பாலும் மண்ணும்தான். இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் இரும்புச்சத்துக் குறைவைத்தான் சந்தேகிக்க வேண்டும். இந்த வயதில் தினமும் சுமார் 7 மில்லிகிராம் இரும்பு உணவில் வேண்டும். ஒரு லிட்டர் பசும்பாலில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. அதிலுள்ள கால்சியம் மற்ற உணவின் இரும்பையும் உடம்பில் சரியாக ஏறவிடாது. பாலில் கொழுப்பும் சர்க்கரையும் இருப்பதால் எடை ஏறும், வயிறும் நிறைந்துவிடும். தராசைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடுகிறோம். இரும்பு குறைந்தால் பாதிக்கப்படுவது ரத்தம் மட்டுமல்ல. வளரும் மூளைக்கும் அது தேவை. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது. சேமிப்பு காலியான பிறகே அது இறங்கும். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். அது லிட்டருக்கு 12 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். காய்ச்சல், சளி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும், அதனால் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சிஆர்பி பரிசோதனையும் கூடவே இருக்கட்டும். மண் தின்பதால் ஈயத்தின் அளவையும் குடற்புழுவையும் பார்ப்பது நல்லது.

முடிவு வரும்வரை இரும்பு டானிக்கும் வேண்டாம். தான்சானியாவில் மலேரியா மிகுந்த பெம்பா தீவில் நடந்த ஓர் ஆய்வில், இரும்புக் குறைவு உண்டா என்று பரிசோதிக்காமலே சிறு குழந்தைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்தார்கள். மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் கூடியதால் பாதியில் நிறுத்த நேர்ந்தது. 2006-இல் அந்த ஆய்வு வெளியானது. குறைவு இருப்பது உறுதியானால் தயங்காமல் கொடுக்கலாம். வழக்கமாக ஒரு கிலோ எடைக்கு 3 மில்லிகிராம் இரும்பு. எந்த மருந்தில் எத்தனை மில்லி என்பதை மருத்துவரிடமே எழுதி வாங்குங்கள். பாலோடு கொடுக்காதீர்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சில மாதம் தொடர வேண்டும், இல்லாவிட்டால் சேமிப்பு நிரம்பாது.

பாலை இன்றே குறைக்கத் தொடங்கலாம். நாளுக்கு அரை லிட்டருக்குள், பாட்டிலில் இல்லாமல் டம்ளரில், சாப்பாட்டுக்குப் பிறகு. முதல் சில நாள் அழுவான், தாங்கிக்கொள்ளுங்கள். பசி வந்ததும் முட்டை, இறைச்சி, பருப்பு, கீரை எதுவானாலும் கொஞ்சமாகக் கொடுங்கள். கூடவே புளிப்பான பழம் இருந்தால் இரும்பு நன்றாக ஏறும்.

இரும்பு மருந்து வீட்டுக்கு வந்தால் பூட்டி வையுங்கள். இனிப்பாக இருக்கிறதென்று குழந்தை மொத்தமாகக் குடித்தால் உயிருக்கே ஆபத்து. அப்படி நடந்தால் வாந்தி வருகிறதா என்று காத்திருக்காமல் உடனே அவசரச் சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், பாட்டிலையும் கையில் எடுத்துப் போங்கள்.