கோழிக்கு வந்தது குழந்தைக்கும் வருமா?

கால்நடை கேள்வி – பதில்

பதில் சொல்பவர்: தண்டையார்பேட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற அரசு கால்நடை மருத்துவர். வைரஸ் நோய்கள் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்.

கேள்வி: மாடியில் பதினைந்து நாட்டுக்கோழி வைத்திருந்தேன். ஒன்று வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, கழுத்து திருகிக்கொண்டு செத்தது. ஒரே வாரத்தில் நான்கைத் தவிர எல்லாம் போய்விட்டன. கடையில் கொடுத்த ஆன்டிபயாடிக் பொடியைத் தண்ணீரில் கலந்து வைத்தும் பயனில்லை. ராணிக்கெட் என்ற கோழி நோய்க்கான சொட்டு மருந்திலும் உயிருள்ள ராணிக்கெட் வைரஸ்தான் இருக்கிறது என்கிறார்கள். சொட்டாக விட்டால் காப்பாற்றுகிற வைரஸ், தானாக வந்தால் ஏன் கொல்கிறது? என் பேரனுக்கு ஏதும் ஆகாதே?
– வாசகி, கொடுங்கையூர்

பதில்: அம்மா, கழுத்துத் திருகல், பச்சைக் கழிச்சல், அடுத்தடுத்து சாவு என்று மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ராணிக்கெட்டைத்தான். செத்த கோழியை அறுத்துப் பார்த்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீனியை அரைக்கிற பைக்கு முன்னால் சுரப்பிகள் நிறைந்த ஒரு சின்ன இரைப்பை உண்டு. அதை நீளவாக்கில் கீறித் தண்ணீரில் அலசினால், உள்சுவர் முழுக்க சுரப்பிகளின் வாய்கள் மேடுமேடாகத் தெரியும். ராணிக்கெட்டில் செத்த கோழிக்குப் பல சமயம் அந்த மேடுகளின் உச்சியில் குண்டூசி முனை அளவில் ரத்தப் புள்ளிகள் நிற்கும். பணியில் இருந்த காலம் முழுக்க இதை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம், முன்கூட்டியே ஒரு சொட்டு விட்டிருந்தால் இது நடந்திருக்காதே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த வைரஸின் மேலுறையில் இரண்டு புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். எச்.என். என்ற புரதம் கோழியின் செல்மீது இருக்கும் சயாலிக் அமிலம் என்ற சர்க்கரைப் பொருளில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் வைரஸின் உறையையும் செல்லின் உறையையும் ஒன்றாகச் சேர்த்து உள்ளே வழிவிடுவது எஃப் என்ற இன்னொரு புரதம். ஆனால் எஃப் புரதம் உருவாகும்போதே வேலைக்குத் தயாராக இருப்பதில்லை. பட்டை போட்டுக் கட்டிய மடக்குக் குடை மாதிரி சுருண்டு கிடக்கும். கோழி உடம்பிலுள்ள ஏதாவது ஒரு நொதி அந்தப் பட்டையை வெட்டிவிட்டால்தான் அது விரியும்.

சாது ரகத்துக்கும் கொலைகார ரகத்துக்கும் பெரிய வித்தியாசம் அந்தப் பட்டையில்தான். சொட்டு மருந்தில் இருக்கும் லசோட்டா போன்ற ரகங்களில், மூச்சுக்குழாயிலும் குடலிலும் இருக்கும் சில நொதிகளால் மட்டுமே அதை வெட்ட முடியும். அதனால் வைரஸ் அங்கேயே கொஞ்சம் பெருகி, எதிர்ப்புச் சக்தியைத் தட்டியெழுப்பிவிட்டு அடங்கிவிடும். கொலைகார ரகத்தில் அதே இடத்தில் அர்ஜினைன், லைசின் என்ற அமினோ அமிலங்கள் நெருக்கமாக அமைந்திருக்கும். அப்படி அமைந்துவிட்டால் ஃப்யூரின் என்ற நொதியாலும் வெட்ட முடியும். ஃப்யூரின் இல்லாத உறுப்பே கிடையாது என்று சொல்லலாம். மூளை, ஈரல், இரைப்பை என்று எங்கே போனாலும் பட்டை அவிழும். மூளைக்குப் போனதால்தான் உங்கள் கோழிக்குக் கழுத்து திருகியது. எஃப் புரதத்தில் மொத்தம் 553 அமினோ அமிலங்கள். வைரஸின் வீரியத்தைக் கணிக்க ஆய்வகத்தில் முக்கியமாகப் பார்ப்பது 113 முதல் 117 வரை உள்ள ஐந்து இடங்களை. உருவத்தில் இவ்வளவு சின்ன மாற்றம் உங்கள் மாடியையே காலி செய்துவிட்டது. கோழி சூட்டில் செத்தது, கண்ணேறு பட்டுச் செத்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆன்டிபயாடிக் பொடியும் இங்கே செல்லாது, அது பாக்டீரியாவுக்கான மருந்து.

பேரனைப் பற்றிப் பயப்பட வேண்டாம். இந்த வைரஸிடம் வி என்று இன்னொரு புரதம் இருக்கிறது. கோழி உடம்பின் முதல் காவலான இன்டர்ஃபெரானை அது அடக்கிவிடும், ஆனால் மனிதனுடைய இன்டர்ஃபெரானிடம் அதன் வேலை பலிக்காது. நோயுற்ற கோழியைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் சில நாள் கண் சிவந்து நீர் வடியும், அவ்வளவுதான். தடுப்பு மருந்து போடுபவர்களுக்கு மருந்து கண்ணில் தெறித்து இப்படி ஆவதுண்டு.

மிச்சமுள்ள நான்கையும் விற்காதீர்கள், யாருக்கும் இனாமாகவும் கொடுக்காதீர்கள். நோய் கண்ட கோழியைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவதால்தான் இது தெருத் தெருவாகப் போகிறது. கூண்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, சில வாரம் காலியாகப் போட்டுவைத்த பிறகு புதுக் குஞ்சு வாங்குங்கள். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு. இரண்டு மாதம் ஆனதும் இறக்கையில் ஊசி. அந்த ஊசி மருந்திலுள்ள ரகம் கொஞ்சம் முரடு, அவசரப்பட்டுச் சின்னக் குஞ்சுக்குப் போட்டுவிடாதீர்கள். ஊசிக்குப் பிடித்துக் கொடுக்க ஆளில்லை என்றால், மாதவரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட நம் கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய குருணை மருந்து பற்றி விசாரியுங்கள். தீனி மாதிரித் தூவினால் போதும், கோழி கொத்தித் தின்றுவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பசுவுக்குக் கோமாரி. அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் கையிலும் வாயிலும் கொப்புளம். டாக்டர் கை-கால்-வாய் நோய் என்று சொன்னாராம். மாட்டால்தான் வந்தது, மாட்டை உடனே அப்புறப்படுத்து என்று தெருவே சண்டைக்கு நிற்கிறது. என்ன செய்வது?
– வாசகர், எண்ணூர்

பதில்: தம்பி, இந்தப் பக்கத்தைக் கொண்டுபோய் அவர்களிடம் காட்டுங்கள். உங்கள் மாட்டுக்கும் அந்தக் குழந்தைக்கும் வந்தவை வேறு வேறு நோய்கள். இரண்டு வைரஸும் ஒரே பெரிய குடும்பம்தான், ஆனால் பிடித்து ஏறுகிற இடம் வேறு.

கோமாரி வைரஸின் ஓட்டில் வி.பி.1 என்ற புரதம் வெளிப்பக்கமாக ஒரு வளையம் போல நீட்டிக்கொண்டிருக்கும். அது பிடித்துக்கொள்வது இன்டெக்ரின் என்ற புரதத்தின் ஒரு வகையை. மாட்டின் நாக்கிலும் குளம்பு ஓரத்துத் தோலிலும் அந்த வகை ஏராளம். கொப்புளம் அங்கே பார்த்து வெடிப்பதற்கு அது முக்கியக் காரணம். உள்ளே போனபின் எல் என்ற புரதம், செல் தன் சொந்தப் புரதங்களைத் தயாரிக்கத் தேவையான ஒரு பகுதியையே துண்டித்துவிடும். வைரஸின் வேலை மட்டும் நிற்காமல் ஓடும். மாடு வாயில் நுரை தள்ளி, தீனி எடுக்காமல், சப்புக்கொட்டிக்கொண்டு நிற்பது அதனால்தான். குழந்தைகளின் கை-கால்-வாய் நோயைத் தருபவை காக்ஸாக்கி ஏ16 போன்ற வைரஸ்கள். அவை மனிதச் செல்லில் வேறொரு புரதத்தைப் பிடித்து ஏறுகின்றன, ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்குப் பரவுகின்றன. அங்கன்வாடியிலோ பள்ளியிலோ வேறு பிள்ளைக்கும் இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். கோமாரி மனிதனுக்கு வருவது அரிதிலும் அரிது, வந்தாலும் லேசாகத்தான் இருக்கும்.

பசுவை இப்போது வேறு இடத்துக்கு ஓட்டிப் போனால்தான் ஆபத்து, வழியிலுள்ள மாடுகளுக்கெல்லாம் ஒட்டும். வீட்டிலேயே தனியாகக் கட்டி, கஞ்சி, பசும்புல் என்று மெத்தென்ற தீனி கொடுத்து, வாயையும் குளம்பையும் மருத்துவர் சொல்கிற மருந்துத் தண்ணீரில் கழுவுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசாங்கம் இலவசமாகப் போடும் கோமாரித் தடுப்பூசியை இனி விட்டுவிடாதீர்கள். ஊசி போட்டால் பால் குறையும் என்று சிலர் மாட்டை மறைத்துக் கட்டுகிறார்கள். ஊசியால் குறைவது ஓரிரு நாள் பால், கோமாரியால் போவது அந்த ஈற்றுப் பாலே.

கேள்வி: ஆட்டுக்கொல்லி நோய் தட்டம்மை மாதிரி என்று கேள்விப்பட்டேன். ஆடுகளோடு புழங்கும் எங்கள் பிள்ளைகளுக்கு வருமா?
– வாசகர், புளியந்தோப்பு

பதில்: வராது. உறவு உண்மைதான். ஆட்டுக்கொல்லி, தட்டம்மை, 2011-இல் உலகத்தை விட்டே ஒழிக்கப்பட்ட மாட்டு வெக்கை நோய் மூன்றும் ஒரே இனத்து வைரஸ்கள். மூன்றிலும் எச் என்ற புரதம் முதலில் வெள்ளணுக்களைப் பிடிக்கும். ஆடோ பிள்ளையோ, எதிர்ப்புச் சக்தி விழுந்து நிமோனியா, பேதி என்று சேர்ந்துகொள்வது அதனால்தான். ஆனால் ஆட்டு வைரஸ் மனிதனுக்கு நோய் தருவதில்லை. இந்தியாவில் இது முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது 1987-இல், நம் விழுப்புரம் பக்கத்து அரசூரில். அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு தடுப்பூசி ரகம் உண்டு. மூன்று மாதம் தாண்டிய குட்டிக்கு ஒரு ஊசி போட்டால் மூன்று வருடம் கவலையில்லை. பிள்ளைகளுக்கு ஒன்பது மாதத்திலும் ஒன்றரை வயதிலும் போடும் தட்டம்மை ஊசியை மட்டும் தவறவிடாதீர்கள்.

கேள்வி: தெருநாய் என் பையனின் கணுக்காலில் லேசாகப் பல் பதித்துவிட்டது. இரண்டு சொட்டு ரத்தம்தான். சுண்ணாம்பு வைத்தோம். நாய் இன்னும் நன்றாகத்தான் சுற்றுகிறது. நான்கு ஊசி அவசியமா?
– வாசகி, காசிமேடு

பதில்: அம்மா, இந்த இதழ் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாமென்று ஆசிரியர் குழுவிடம் சொல்லி உங்களுக்கு முன்பே தகவல் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். அவசியம். எல்லா ஊசியும் அவசியம்.

ரேபிஸ் வைரஸிடம் இருப்பது ஐந்தே ஐந்து புரதங்கள். வெளியே தெரிவது ஒன்றுதான், அதற்கு ஜி என்று பெயர். தசையும் நரம்பும் சந்திக்கிற இடத்தில், தசையை அசைக்கச் சொல்லும் சேதியை வாங்கிக்கொள்ள ஓர் ஏற்பி இருக்கிறது. ஜி புரதம் அதையே பிடித்துக்கொள்கிறது. அங்கிருந்து நரம்புக்குள் ஏறி, நரம்பு தன் சரக்கை ஏற்றி இறக்கும் பாதையிலேயே முதுகுத்தண்டுக்கும் மூளைக்கும் போகிறது. பி என்ற புரதமோ உடம்பின் இன்டர்ஃபெரான் எச்சரிக்கையை அடக்கிவிடுகிறது. காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை, காயமும் ஆறிவிடும். பையன் நன்றாக இருக்கிறான் என்றே தோன்றும். கணுக்காலில் கடித்தால் மூளைக்குப் போக வாரங்களோ மாதங்களோ ஆகும். நமக்குக் கிடைக்கிற அவகாசம் அவ்வளவுதான். அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற முடிந்தவர்கள் உலகம் முழுக்கத் தேடினாலும் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களே.

தடுப்பூசி உடம்புக்குக் கற்றுக்கொடுப்பது இந்த ஜி புரதத்தை மறித்து நிற்க. முதல் ஊசியில் உடம்பு அடையாளம் கண்டுகொள்கிறது, அடுத்தவற்றில்தான் எதிர்ப்பு முழுசாக ஏறுகிறது. அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28-ஆம் நாள் என்று வரும். தசையில் போட்டால் 14-ஆம் நாளும் சேரும். ரத்தம் வந்த கடி என்பதால், எதிர்ப்பு உருவாகும்வரை தாங்குவதற்குக் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குக் கூப்பிடு தூரம்.

சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். கடித்தவுடன் குழாயைத் திறந்துவிட்டு 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். நாயைப் பத்து நாள் கவனிப்பது நல்லதுதான். ஆனால் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு கவனியுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் மாட்டுப் பாலிலேயே பறவைக் காய்ச்சல் வைரஸ் இருந்ததாமே. இங்கே கண்ணெதிரே கறந்து வாங்கும் பாலையும் முட்டையையும் சாப்பிடலாமா?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: சாப்பிடலாம், காய்ச்சியும் வேகவைத்தும். 2024 மார்ச்சில் அமெரிக்கக் கறவை மாடுகளில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது உண்மை. இந்த வைரஸின் எச் புரதம் பிடிப்பதும் சயாலிக் அமிலத்தைத்தான். பறவைகளின் குடலில் அது ஒரு வகையில் இணைந்திருக்கும், மனிதனின் மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் இன்னொரு வகையில். பறவைக் காய்ச்சல் நமக்குச் சுலபமாக ஒட்டாததற்கு இது ஒரு காரணம். நுரையீரலின் ஆழத்தில் பறவை வகையும் உண்டு, அதுவரை போய்விட்டால் நோய் கடுமையாகும். மாட்டின் மடியில் அந்தப் பறவை வகை நிறைய இருந்ததால், வைரஸ் மடியில் பெருகிப் பாலில் இறங்கியது. அந்தப் பண்ணைகளில் பச்சைப் பால் குடித்த பூனைகள் செத்தன.

பொங்கக் காய்ச்சினால் எச் புரதம் உருக்குலைந்துவிடும். அப்புறம் அதனால் எதையும் பிடிக்க முடியாது. கறந்த சூட்டோடு பச்சைப் பால் குடிப்பது உடம்புக்குப் பலம் என்று குழந்தைகளுக்குக் கொடுக்கும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. வைரஸ் இருக்கிறதோ இல்லையோ, புருசெல்லோசிஸ் என்ற பாக்டீரியா நோய், காசநோய் இவற்றுக்காகவே அதை நிறுத்திவிட வேண்டும். முட்டையை மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகவையுங்கள். பறவைக் காய்ச்சல் செய்தி அடிபடும் நாட்களில் ஆஃப் பாயில் வேண்டாம். தெருவில் காக்கையோ கோழியோ கூட்டமாகச் செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடாமல் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லுங்கள்.