பிரான்ஸ் கிராமங்களில் 30 ஆயிரம் யூரோவுக்குத் தனி வீடு கிடைக்கிறதாமே, உண்மையா? வாங்கிப் போடலாமா?

உண்மைதான். நாங்கள் 2022-ல் 28 ஆயிரத்துக்கு ஒன்று வாங்கினோம். இரண்டடி அகலக் கல் சுவர், பக்கத்தில் வீட்டைவிடப் பெரிய மாட்டுக்கொட்டகை, பின்னால் கொஞ்சம் புல்வெளி. படத்தைப் பார்த்துவிட்டுப் புதுச்சேரியிலிருந்து மாமா "எனக்கும் ஒண்ணு பாருடா" என்றார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: வாங்குவது சுலபம். 'வாங்கிப் போடலாமா' என்ற இரண்டாவது கேள்வியில்தான் சிக்கல்.

ஊர், நடு பிரான்ஸில் க்ரூஸ் மாவட்டம். கெரேவுக்கும் ஒபுசோனுக்கும் இடையில் ஒரு சின்ன கொம்யூன் (நம் ஊராட்சி மாதிரி), 300 பேர் தேற மாட்டார்கள். மேரி வாரத்தில் இரண்டு அரை நாள் திறந்திருக்கும். (புதுச்சேரிக் கடற்கரையில் 2014-ல் இடிந்து, அப்புறம் திரும்பக் கட்டினார்களே, அதற்கும் அதே பெயர்தான். ஊராட்சி அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) ரொட்டி வாங்கக் கார் எடுக்க வேண்டும்.

விலை ஏன் இவ்வளவு குறைவு? 1851-ல் இந்த மாவட்டத்தில் சுமார் 2,87,000 பேர் இருந்தார்கள். இப்போது 1,15,000 பக்கம். இங்கத்து ஆண்கள் கொத்தனார் வேலைக்குப் பேர் போனவர்கள். வசந்த காலத்தில் நடந்தே பாரிஸ் போய்க் கட்டட வேலை பார்த்துவிட்டுக் குளிர்காலத்தில் திரும்புவார்கள். ரயில் வந்த பிறகு குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டார்கள். வீடுகள் மட்டும் நின்றுவிட்டன.

நாங்கள் முதலில் செய்த தப்பு, 'சதுர மீட்டர் என்ன விலை போகிறது' என்று தேடியது. 2019 முதல் பிரான்ஸில் பதிவான விற்பனை விலைகளை அரசே இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. வரைபடத்தில் வீட்டைத் தொட்டால் என்ன விலைக்குக் கைமாறியது என்று காட்டும். எங்கள் கொம்யூனைத் தட்டிப் பார்த்தேன். வருடத்துக்கு ஐந்தாறு விற்பனை. ஒன்று கூரை விழுந்த கொட்டகை, ஒன்று நீச்சல் குளத்தோடு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி புதுப்பித்தது, ஒன்று வெறும் காட்டுத் துண்டு. இதற்குச் சராசரி போட்டு என்ன பயன்? அங்கே விலையை முடிவு செய்வது வாரிசுகளின் பொறுமை.

நெப்போலியன் காலத்துச் சட்டம் முதல் இங்கே பிள்ளைகளின் பங்கைப் பெற்றோர் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. பாட்டி போனதும் வீடு எல்லார் பெயருக்கும் சேர்ந்தே வரும். ஒருவர் லியோனில், ஒருவர் மர்செய்யில், ஒருவர் யாருடனும் பேசுவதில்லை. மூன்றில் இரண்டு பங்கு வைத்திருப்பவர்கள் நீதிமன்றம் போய் விற்கலாம்தான். ஆனால் ஐம்பதாயிரம்கூடப் போகாத வீட்டுக்கு யார் வக்கீல் வைப்பார்கள்? பூட்டியே கிடக்கும். எங்கள் வீடு 45 ஆயிரத்தில் ஆரம்பித்து நான்கு வருடம் விளம்பரத்தில் இருந்தது. கடைசியில் கூரையில் ஓட்டை விழுந்ததும் வாரிசுகள் நான்கு பேருக்கும் ஒரே நாளில் ஒற்றுமை வந்துவிட்டது.

பத்திரம் எழுதிப் பதியும் சட்ட அதிகாரிக்கு இங்கே நொத்தேர் என்று பெயர். கிராமப்பக்கம் அவரே வீடு விற்றும் கொடுப்பார். அவருடைய உதவியாளர் பெண்மணி ஒரு கட்டுச் சாவியோடு வந்தார். பதினொரு சாவி போட்டுப் பார்த்த பிறகுதான் கதவு திறந்தது. சமையலறைச் சுவரில் தபால்காரர் கொடுத்த 2016 காலண்டர், மேசையில் மடித்து வைத்த மூக்குக்கண்ணாடி. என் மனைவி ஒன்றும் பேசாமல் போய் ஜன்னலைத் திறந்தாள். அப்போதே தெரிந்துவிட்டது, வாங்கப் போகிறோம் என்று.

சரி, செலவு. பழைய வீட்டுக்கு 'நொத்தேர் செலவு' 7, 8 சதவீதம் என்பார்கள். அதில் பெரும்பங்கு அரசுக்குப் போகும் வரி. ஆனால் விலை குறையக் குறையச் சதவீதம் ஏறும், ஏனென்றால் சில கட்டணங்கள் விலையோடு சேர்ந்து இறங்குவதில்லை. எங்களுக்கு மூவாயிரத்துச் சொச்சம் ஆனது. வில்லங்கம் பார்ப்பதெல்லாம் நொத்தேர் வேலை, அந்தக் கவலை இல்லை. முன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகும் வாங்குபவர் காரணம் சொல்லாமல் விலக 10 நாள் அவகாசம் உண்டு. விற்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. புல்வெளி இருந்ததால் விவசாய நிலத்தைக் கவனிக்கும் சஃபேர் அமைப்புக்கும் தகவல் போனது. விவசாயிக்குக் கொடுப்பதற்காக அவர்களே முந்திக்கொண்டு வாங்கலாம், யோசிக்க இரண்டு மாதம். பக்கத்து மாட்டுக்காரர் அந்தப் புல்லைப் பார்த்த பார்வையில் எனக்கு இரண்டு மாதமும் தூக்கமில்லை. கடைசியில் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

எங்களைக் கவிழ்த்தது கழிவுநீர்த் தொட்டி. கிராமத்தில் பாதாள சாக்கடை இல்லை. வீட்டுத் தொட்டி விதிப்படி இல்லையென்றால் பத்திரம் முடிந்த ஒரு வருடத்துக்குள் வாங்கியவர் சரிசெய்ய வேண்டும். விற்பனையோடு கொடுத்த பரிசோதனை அறிக்கையில் தெளிவாகவே எழுதியிருந்தது. நாற்பது பக்கத்தில் நான் அந்தப் பக்கத்தைத்தான் மேலோட்டமாகப் பார்த்தேன். 9,500 யூரோ. அது போக எரிசக்திச் சான்றில் வீடு கடைசித் தரமான 'ஜி'. விற்கத் தடையில்லை, ஆனால் 2025 ஜனவரி முதல் அந்தத் தரத்து வீட்டைப் புதிதாகக் குடியிருக்க வாடகைக்கு விட முடியாது. ஆகவே 'வாங்கி வாடகைக்கு விடலாம்' என்ற கணக்கில் இன்னொரு 30, 40 ஆயிரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூரை தனி.

இந்தியாவிலிருந்து கேட்கிறீர்கள் என்றால்: வெளிநாட்டவர் வாங்கத் தடை இல்லை, ஆனால் வீடு இருப்பதால் விசா கிடைக்காது. நிரந்தரமாகக் குடியிருக்காத வீட்டுக்கு நில வரியோடு குடியிருப்பு வரியும் வரும்.

முதலீடு என்றால் வேண்டாம். எங்கள் தெருக்கோடியில் ஒரு வீடு, நாங்கள் வந்த நாளிலிருந்து 'விற்பனைக்கு' பலகையோடு நிற்கிறது. வெயிலில் எழுத்து வெளுத்து, போன கோடையில் யாரோ அதன் மேலேயே புதுப் பலகை ஆணி அடித்துப் போனார்கள். கூரைக்கும் தொட்டிக்கும் சேர்த்து நான் போட்ட பணத்துக்கு இன்று விற்கப் போனால் பாதி தேறுமா என்பது சந்தேகம். விற்கிற எண்ணம் இல்லை, அதனால் மாமா கேட்டபோது அதைப் பற்றி அதிகம் பேசவில்லை.