இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் வெளிநாடு செல்பவர்கள் வீட்டுச் சாமான்களை என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவர் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் குடும்பத்துடன் வெளிநாடு செல்வதாகவும், சாமான்களை விற்பதா, வாடகைக் கிடங்கில் வைப்பதா, உறவினர் வீட்டில் போட்டுவைப்பதா என்று முடிவெடுக்க முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். அவர் வாடகை வீட்டில் இருப்பவர் என்று கருதியே பதில் சொல்கிறேன். சொந்த வீடு உள்ளவர்கள் ஓர் அறையில் எல்லாவற்றையும் அடைத்துப் பூட்டிவிட்டு மீதி வீட்டை வாடகைக்கு விடலாம். எங்களுக்கு அந்த வழி இருக்கவில்லை.

என் கணவருக்கு 2022இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இரண்டு ஆண்டு ஆய்வுப் பணி கிடைத்தபோது, சென்னை நங்கநல்லூரில் பதினோரு ஆண்டுகள் குடியிருந்த வீட்டைக் காலி செய்தோம். கட்டில், பீரோ, இலவம்பஞ்சு மெத்தைகள், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், பதினான்கு பெட்டி புத்தகங்கள், அம்மாவின் பித்தளை, எவர்சில்வர் பாத்திரங்கள், அம்மாவின் வீணை ஆகியவை இருந்தன. கிடங்குக்காரர் மாதம் 4,500 ரூபாய் கேட்டார். 24 மாதத்திற்கு 1,08,000 ரூபாய் ஆகும்; ஏற்றி இறக்கும் கூலி தனி. பழைய சாமான் வாங்குபவர், வீணையும் புத்தகங்களும் நீங்கலாக எல்லாவற்றுக்கும் சேர்த்து 41,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். இந்த இரண்டு தொகைகளையும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதிப் பார்த்திருந்தாலே விடை கிடைத்திருக்கும். நான் எழுதிப் பார்க்கவில்லை. பார்த்துப் பார்த்து வாங்கிய ஃபிரிட்ஜுக்கு அவர் 3,000 ரூபாய் சொன்னதை ஓர் அவமானமாக எடுத்துக்கொண்டு, பள்ளிக்கரணையில் தனியாக வசிக்கும் என் அத்தையிடம் கேட்டேன். அவர் ஒரு கணமும் யோசிக்காமல், பின்பக்கத்து அறையைக் காலி செய்து கொடுத்தார்.

2015 சென்னை வெள்ளத்தைப் பார்த்த பிறகும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில், அதுவும் தரைத்தளத்தில் யாராவது சாமான் வைப்பார்களா என்று சிலர் கேட்பார்கள். 2015 டிசம்பரில் அத்தையின் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது, வீட்டுக்குள் வரவில்லை. அதை நம்பியே வைத்தோம். இணையத்தில் உட்கார்ந்துகொண்டு பின்னோக்கிப் பார்ப்பவருக்கு எல்லாம் தெளிவாகத்தான் தெரியும். வீட்டைக் காலி செய்ய ஒன்பது நாள் மட்டுமே இருந்த ஒருத்திக்கு அப்படித் தெரியவில்லை.

2023 டிசம்பர் 3ஆம் தேதி இரவு மிக்ஜாம் புயலின் மழை தொடங்கியது. புயல் 5ஆம் தேதி ஆந்திரத்தில் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. ஆனால் அதற்கு முன் சென்னைக் கடலோரத்தில் மெதுவாக நகர்ந்து, மழையை நம் ஊர்மேல் கொட்டிவிட்டுத்தான் சென்றது. தென்சென்னையின் எத்தனையோ ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத்தான் வந்து சேர்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி மூலம் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்க் கடலை அடைய வேண்டும். வருகிற வேகத்துக்கு வடியாவிட்டால் தண்ணீர் தெருக்களில்தான் நிற்கும். அத்தையின் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மின்சாரமும் கைபேசித் தொடர்பும் இல்லாததால், லைப்சிக்கில் இருந்த எங்களுக்கு இரண்டு நாள் அவரைப் பற்றி எந்தச் செய்தியும் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் மாடி வீட்டுக்காரரின் கைபேசியிலிருந்து அத்தை பேசினார். அறுபத்தெட்டு வயதான அவர், தண்ணீர் வாசற்படியைத் தாண்டியதும், தன் அரிசி மூட்டையையும் துணிமணிகளையும் விட்டுவிட்டு, என் புத்தகப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துவந்து தம் கட்டில்மேல் அடுக்கியிருக்கிறார். தண்ணீர் கட்டிலுக்கும் மேலே ஏறிவிட்டது. "உன் பொஸ்தகத்தையெல்லாம் காப்பாத்த முடியலையேம்மா" என்றுதான் அவர் முதலில் சொன்னார். தாம் பிழைத்ததைப் பற்றி அதற்குப் பிறகே சொன்னார். அன்று அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டதை இன்றுவரை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

கேள்வி கேட்டவரே, செலவில்லாத இடம் என்று நீங்கள் நினைப்பதை மறுபடியும் எண்ணிப்பாருங்கள். ஒருவர் வீட்டில் சாமானை வைக்கும்போது அந்த மனிதரைக் காவலுக்கு அமர்த்துகிறோம். அவர் அந்தக் காவலை நாம் நினைப்பதைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்கிறார். ஒன்றரை ஆண்டு காலம் அத்தை ஊர்ப்பக்கத்து விருந்தாளிகளை இரவு தங்கச் சொல்லவில்லை என்பதும், எலி வருகிறதா என்று பார்க்கத் தினமும் அந்த அறையைத் திறந்தார் என்பதும் பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. கிடங்கு வாடகை மிச்சம் என்று நான் போட்ட கணக்கில் இவை எதுவும் இல்லை.

வெள்ளம் வராமலே இருந்திருந்தாலும் பாதிச் சாமான்கள் வீணாகியிருக்கும். மூடிவைத்த ஃபிரிட்ஜில் பூசணம் பிடிக்கும். கதவின் ரப்பர் இறுகிப்போகும். வாஷிங் மெஷினின் குழாயை எலி கடிக்கும். பஞ்சு மெத்தை ஈரம் இழுக்கும். பயன்பாட்டில் இருக்கும் பொருளைவிட அடைத்துவைத்த பொருள் விரைவாகக் கெடும் என்பதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். ஆகவே கடையில் மறுபடியும் கிடைக்கக்கூடிய அனைத்தையும், எவ்வளவு குறைந்த விலை சொன்னாலும் விற்றுவிடுங்கள். விற்க மனம் வராவிட்டால், நாளையே பயன்படுத்தப் போகிறவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

நாங்கள் சரியாகச் செய்த சிலவற்றையும் சொல்ல வேண்டும். காரை விற்றபோது காப்பீட்டு நிறுவனத்திடம் நோ கிளெய்ம் போனஸுக்கான (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) கடிதத்தை வாங்கிக்கொண்டோம். அந்தக் கடிதம் மூன்று ஆண்டுகள் செல்லும் என்பதால், திரும்பி வந்து கார் வாங்கியபோது தள்ளுபடி கிடைத்தது. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் எரிவாயு முகவரிடம் ஒப்படைத்து வைப்புத்தொகையைப் பெற்றோம். மிக்சியை மட்டும் கையோடு எடுத்துச் சென்றோம். ஜெர்மனியிலும் இங்குள்ளது போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்பதால், பிளக் மாற்றி ஒன்று மட்டுமே தேவைப்பட்டது. நீங்கள் செல்வது அமெரிக்கா என்றால் அங்கு 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். மிக்சியைச் சுமந்து செல்ல வேண்டாம். நகைகளையும் சான்றிதழ்களையும் வங்கி லாக்கரில் வைத்தோம். 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரை வங்கி பொறுப்பேற்கும். வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு, வங்கியின் கவனக்குறைவு இல்லாதவரை, அந்தப் பொறுப்பு கிடையாது. ஆகவே லாக்கருக்குள்ளும் காகிதங்களைத் தண்ணீர் புகாத உறையில் இட்டு வையுங்கள்.

இனி, வீணை. அது பலாமரத்தில் செய்த தஞ்சாவூர் வீணை. தந்தியை அழுத்தி வாசிக்க உதவும் அதன் 24 மெட்டுகளும் மெழுகின்மேல் பதிக்கப்பட்டவை. வெயில் காலத்தில் பூட்டிய அறையில் கிடந்தால் மெழுகு இளகி மெட்டுகள் இடம் மாறிவிடும் என்று அம்மாவிடம் பாடம் கற்ற ஒரு மாமி எச்சரித்து, தம் மாணவி ஒருத்தியிடம் அதைக் கொடுக்கச் சொன்னார். அம்மாவின் வீணையை முன்பின் தெரியாத பதினோரு வயதுச் சிறுமியிடம் கொடுப்பதா என்று நான் மிகவும் தயங்கினேன். மாமியிடம் கோபமாகவும் பேசினேன். கடைசியில் கொடுத்தேன். என் சாமான்களில் ஒரு குறையும் இல்லாமல் தப்பியது அது ஒன்றுதான். நாங்கள் திரும்பியபோது மெட்டுகள் புதிதாகக் கட்டப்பட்டிருந்தன. நாதம் அம்மா வாசித்த நாள்களில் கேட்டதைப் போலவே இருந்தது.

ஆனால் எப்போது திருப்பி வாங்குவேன் என்று கொடுக்கும்போது நான் சொல்லவில்லை. போய்க் கேட்ட அன்று அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் வீணைக்கு உறை போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அவளுடைய அப்பா வேறு வீணை வாங்க இன்னும் பணம் சேர்க்கவில்லை என்றார். என்னால் எடுத்துவர முடியவில்லை. மார்கழிக் கச்சேரி முடிந்து, தை மாதம் முதல் வாரத்தில் வாங்கிக்கொள்வதாக இப்போது நாள் குறித்திருக்கிறோம். பள்ளிக்கரணையிலிருந்து எனக்குத் திரும்பக் கிடைத்தவை பாத்திரங்கள் மட்டுமே. சேறு போகப் புளி போட்டுத் தேய்த்தபோது, அம்மாவின் பெயரும் அவருடைய கல்யாணத் தேதியும் வெட்டியிருந்த பித்தளைத் தவலை ஒன்று கிடைத்தது. அதை அத்தையிடமே கொடுத்துவிட்டேன். அவர் அதில்தான் இப்போது குடிதண்ணீர் பிடித்துவைக்கிறார்.