கணக்கில் 12 மில்லிமீட்டர், குலுங்கும்போது?

கேள்வி: தருமபுரியில் கீழே மூன்று கடை, மேலே இரண்டு மாடி வீடு என்று கட்டப் போகிறேன். நிலநடுக்கம் வந்தாலும் ஒரு தளம் 12 மி.மீ.க்கு மேல் நகராது, விதியே அதுதான் என்கிறார் இன்ஜினியர். நம்முடையது பாறைப் பூமி வேறு. பயமில்லைதானே? (வாசகர், தருமபுரி)

பதில்: எண் சரி, அர்த்தம்தான் வேறு. ஒரு தளத்தின் மேல்பக்கம் அதன் கீழ்ப்பக்கத்தை விட்டு, உயரத்தில் 0.004 பங்குக்கு மேல் விலகக் கூடாது என்கிறது 2016-ஆம் ஆண்டு ஐ.எஸ். 1893 விதி (நிலநடுக்கத்தைத் தாங்கும்படி கட்டடங்களை வடிவமைப்பதற்கான இந்தியத் தர விதி). பத்தடி உயரத்துக்கு அது 12 மி.மீ. ஆனால் பூமி தரக்கூடிய முழு விசையை வைத்து இந்தக் கணக்கைப் போடுவதில்லை. கம்பி இழுபட்டு, கட்டடம் உடையாமல் வளைந்து கொடுக்கும் என்று நம்பி, விசையை 5-ஆல் வகுத்த பிறகு போடுகிறோம். காகிதத்தில் விசையைக் குறைத்ததால் நிஜ அசைவு குறையாது. கணக்கில் 12 வந்தால், பலமாகக் குலுங்கும்போது 60 மி.மீ. வரை போகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வளைந்து கொடுக்கும் குணம் தானாக வராது. பில்லரின் நெட்டுக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளின் இரு முனையையும் 135 டிகிரி வளைத்து உள்பக்கமாக மடக்க வேண்டும், பீம் சேரும் இடங்களில் ரிங்குகளை நெருக்கிக் கட்ட வேண்டும். கம்பி கட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை உங்கள் கடைகள். மேலே செங்கல் சுவர், கீழே வெறும் ஷட்டர் என்றால் மேல் இரண்டு மாடியும் ஒரே பெட்டி போல நகரும், மொத்த விலகலும் கீழ்த்தளப் பில்லர்கள் தலையில் விழும். 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில், கீழே பார்க்கிங்குக்காகத் திறந்து விட்ட அடுக்குமாடிகள் பல இப்படித்தான் உட்கார்ந்தன. கம்ப்யூட்டரில் பில்லரும் பீமும் மட்டும் வரைந்து, மேல்மாடிச் சுவர்களை விட்டுவிட்டால் இது தெரியவே தெரியாது, எல்லாத் தளமும் அளவாக அசைவது போலக் காட்டும். சுவரைச் சேர்த்தாரா, விரிசல் விட்ட பிறகு குறையும் விறைப்பை, அதாவது வளையாமல் எதிர்க்கும் பலத்தை (முழு அளவில் பில்லருக்கு 70 சதவீதம், பீமுக்கு 35 மட்டும்) எடுத்துக்கொண்டாரா என்று இன்ஜினியரிடம் கேளுங்கள்.

பாறைப் பூமி நல்லதுதான், மென்மண் போல அதிர்வைப் பெருக்காது. ஆனாலும் அந்த 2016 விதியில் தருமபுரி மூன்றாம் மண்டலம், அதாவது மிதமான நிலநடுக்க அபாயம் உள்ள பகுதி, சென்னை, சேலத்துக்குச் சமம்.

சரி, என்ன செய்யலாம்? கடைகளின் பின்பக்கத்திலும் பக்கவாட்டிலுமாக, இரு திசைக்கும் சில இடங்களில் கம்பி போட்ட கான்கிரீட் சுவர் வையுங்கள். முன்பக்க ஷட்டருக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை. அந்தச் சுவர் அஸ்திவாரத்திலிருந்தே எழும்ப வேண்டும், அதனால் குழி தோண்டும் முன்பே இன்ஜினியரிடம் பேசிவிடுங்கள்.