கன்னியாகுமரி மாவட்டத்தில் சென்னை ஈசிஆர் போலக் கடலோரச் சாலை உண்டா? எந்த வழியாகப் போகிறது, அதன் வரலாறு என்ன?

உண்டு. மேற்கு கடற்கரைச் சாலை என்று ஊரில் சொல்வோம். நெடுஞ்சாலைத் துறைப் பலகையில் கன்னியாகுமரி – பழைய உச்சக்கடை சாலை. மாநில நெடுஞ்சாலைதான். "அங்கே அப்படி ஒன்றும் இல்லை, திற்பரப்பு அருவிக்குப் போங்கள்" என்று இதே கேள்விக்கு ஒருவர் பதில் போட்டிருந்தார். அந்தச் சாலையோரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். பேசாமல் கடந்துபோக முடியவில்லை.

இரண்டு நாள் பைக்கில் வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அனேகமாக விடியற்காலையில் சூரிய உதயம் பார்ப்பீர்கள், படகு வரிசையில் நின்று விவேகானந்தர் பாறைக்குப் போவீர்கள், சிப்பி மாலை வாங்குவீர்கள், சுசீந்திரம் பார்த்துவிட்டு நாகர்கோவில் வழியாகத் திரும்பிவிடுவீர்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். மாவட்டத்தின் கடற்கரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர். நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள் இருக்கின்றன. வருகிற கூட்டம் அதன் ஒரு முனையில் மட்டும் நின்று போட்டோ எடுத்துவிட்டுப் போகிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "அது கடலை ஒட்டியே போகவில்லை, பாதி தூரம் தென்னந்தோப்புக்குள் போகிறது" என்று யாராவது சொல்வார்கள். உண்மை. ஈசிஆர் போல நேராக வழித்த சாலை கிடையாது. வளைந்து உள்ளே போகும், மறுபடி கடலுக்கு வரும், ஒரு ஊரின் கோயில் வாசல் வழியாக, இன்னொரு ஊரின் மீன்சந்தை வழியாகப் போகும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. மனிதர்கள் குடியிருக்கிற கடற்கரை அப்படித்தான் இருக்கும்.

கன்னியாகுமரியிலிருந்து மேற்கே கிளம்பினால் முதலில் கோவளம். கேரளத்துக் கோவளம் வேறு. அடுத்து கீழமணக்குடி. இங்கேதான் பழையாறு கடலில் சேர்கிறது. கழிமுகத்தில் அலையாத்திச் செடிகள், பக்கத்தில் உப்பளங்கள், பனிக்காலத்தில் வலசை வரும் பறவைகள். பாலத்தின் மேல் வண்டியை ஓரமாக நிறுத்தி இரண்டு பக்கமும் பாருங்கள். 2004 டிசம்பர் 26 அன்று இதற்கு முன்பிருந்த பாலத்தைச் சுனாமி அடித்துக்கொண்டு போனது. கீழமணக்குடியும் மேலமணக்குடியும் கூப்பிடு தூரத்தில் இருந்தும் தொடர்பில்லாமல் கிடந்தன. இப்போதுள்ள பாலத்துக்கு லூர்தம்மாள் சைமன் பெயர் வைத்திருக்கிறார்கள். 1957 தேர்தலில் குளச்சலில் வென்று காமராஜர் அமைச்சரவையில் மீன்வளத்தைக் கவனித்தவர் அவர். எங்கள் கடற்கரைப் பெண்ணின் பெயரில் ஒரு பாலம் இருப்பது எனக்குப் பெரிய விஷயம்.

அதன் பிறகு சொத்தவிளை, பள்ளம், சங்குத்துறை. மணல் கரைகள், சாயங்காலம் நாகர்கோவில்காரர்கள் குடும்பத்தோடு வந்து உட்காருமிடம். ராஜாக்கமங்கலம், கணபதிபுரம் பக்கம் சாலை உள்ளே போய்விடும், தென்னை நிழல்தான். முட்டத்தில் பாறைகளும் கலங்கரை விளக்கமும். சினிமாக்காரர்கள் விடாமல் படம் எடுத்த இடம் என்பதால் உங்களுக்கே தெரிந்திருக்கும். கடியபட்டணத்தில் வள்ளியாறு கடலில் சேரும். அதைத் தாண்டினால் மணவாளக்குறிச்சி.

மணவாளக்குறிச்சி மணலுக்கு ஒரு கதை உண்டு. இங்கிருந்து கயிறு வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அந்தக் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதிலிருக்கும் தோரியம் அன்றைக்கு கேஸ் விளக்கு மேன்டில் செய்யத் தேவைப்பட்டது. மணலைத் தேடி ஆட்கள் இங்கே வந்தார்கள், ஆலை வந்தது. இன்றைக்கும் மத்திய அரசின் அருமணல் ஆலை இங்கே இருக்கிறது.

இனி வரலாறு. இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. இந்த மாவட்டம் திருவிதாங்கூர் அரசில் இருந்த காலத்தில் பெரிய ரோடு ஆரல்வாய்மொழி, நாகர்கோவில், தக்கலை வழியாகத் திருவனந்தபுரத்துக்குப் போனது. அது உள்நாட்டு வழி. கடற்கரைக்கு ரோடு வேண்டும் என்று வெகுகாலம் யாருக்கும் தோன்றவில்லை. இங்கே ஆட்கள் மணலில் நடந்தார்கள். 1544 கடைசியில் பிரான்சிஸ் சவேரியார் பூவாறு தொடங்கிப் பள்ளம் வரை ஊர் ஊராகப் போனதும் இதே கரையில்தான். ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் திருமுழுக்குக் கொடுத்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். (மதம் பேசுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கரையில் ஊருக்கொரு தேவாலயக் கோபுரம் ஏன் நிற்கிறது என்று பார்த்தவுடன் கேட்பீர்கள், அதற்காகச் சொன்னேன்.) 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. பனைமரத் தடிகளை மாட்டுவண்டியில் ஏற்றி பீரங்கி போலக் காட்டி மிரட்டினார்கள் என்று எங்கள் பக்கம் கதை சொல்வார்கள். வெற்றித்தூண் குளச்சலில் நிற்கிறது, இறங்கிப் பாருங்கள். பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தலைவரானார். அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது.

அரசாங்கம் கடற்கரைக்கு வழி போட நினைத்தபோது தரையில் போடவில்லை, தண்ணீரில் போட்டது. 1860-ல் உத்திரம் திருநாள் மகாராஜா காலத்தில் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். ஏவிஎம் கால்வாய் என்பார்கள். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை படகில் சரக்கு கொண்டுபோகத் திட்டம். கன்னியாகுமரி வரை வந்து சேரவே இல்லை. வெட்டிய பகுதியில் ஒரு காலத்தில் தேங்காயும் தொண்டும் (தேங்காய் மட்டை) கயிறும் வள்ளத்தில் போயின. இன்றைக்கு அது தூர்ந்து, ஆக்கிரமிக்கப்பட்டு, பல இடங்களில் சாக்கடையாகக் கிடக்கிறது. சுனாமியன்று குளச்சல், கொட்டில்பாடு பக்கம் கடலுக்குப் பயந்து ஓடியவர்களில் பலர் அந்தக் கால்வாயில் விழுந்து செத்தார்கள். முன்னால் கால்வாய், பின்னால் கடல்.

கால்வாய் கைவிடப்பட்ட பிறகுதான் தார்ச்சாலைக்குப் பெருமை வந்தது. அதுவும் ஒரே மூச்சில் போட்ட சாலை இல்லை. ஊருக்கு ஊர் துண்டு துண்டாகப் போட்டு, ஆற்று வாய்களில் பாலம் கட்டிச் சேர்த்தது. அந்தத் துண்டுகளில் அதிகம் நடந்தவர்கள் யார் என்று கேட்டால் நான் என் அம்மாவைத்தான் சொல்வேன்.

அம்மா மீன் விற்றவர். வள்ளம் கரையேறி, ஏலம் முடிந்து, சாளையோ நெத்தோலியோ கைக்குக் கிடைத்ததும் கடவத்தில் (ஓலைப்பெட்டியில்) அள்ளி, சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்புவார். மணவாளக்குறிச்சி தாண்டி, அம்மாண்டிவிளை, வெள்ளிச்சந்தை, சில நாள் திங்கள்சந்தை வரைக்கும். கூடவே ஊர்ப் பெண்கள் ஒரு வரிசையாகப் போவார்கள். அதை நடை என்று சொல்ல முடியாது, ஓட்டம். வெயில் ஏற ஏற மீனின் விலை இறங்கும். தலையிலிருந்து மீன்தண்ணீர் காதோரம் வழியும், துடைக்கக் கை ஒழியாது.

நான் எட்டாவது படிக்கும்போது ஒரு சனிக்கிழமை அம்மாவோடு போனேன். அந்தச் சமயம் அம்மா கடவத்தை விட்டுவிட்டு அலுமினியச் சருவம் வாங்கியிருந்தார், மூடியோடு. பஸ்ஸில் தண்ணீர் சிந்தக் கூடாது என்பதற்காகவே வாங்கியது. பஸ் வந்து நின்றது. நான் ஏறிவிட்டேன். அம்மா சருவத்தைப் படியில் வைத்தார். "மீன் பாத்திரம் ஏத்தப்படாது, ஆளுகளுக்கு நாறும், எறங்கு" என்று நடத்துநர் சொன்னார். மூடி இருக்கிறது, சுமைக்கும் காசு தருகிறேன் என்றார் அம்மா. விசில் அடித்துவிட்டார். ஓடத் தொடங்கிய வண்டியிலிருந்து நான் குதித்து இறங்கினேன். உள்ளே நிறையப் பேர் இருந்தார்கள். எனக்குப் பாடம் எடுத்த ஒருவரும் இருந்தார். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு அழுகை முட்டியது. அம்மா சருவத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "நடந்தா காலு தேஞ்சா போவும் மக்கா? மீனுதான் கெட்டுப்போவும். வேகம் வா" என்றார். அம்மாண்டிவிளை வரைக்கும் அதைப் பற்றி வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்கள் வீட்டிலும் அன்றைக்கு மத்தியானம் மீன்கறிதான் கொதித்திருக்கும்.

எல்லா நடத்துநர்களும் அப்படி என்று நான் சொல்லவே இல்லை. பின்படியில் இடம் ஒதுக்கிக் கொடுத்து, இறங்கும்போது சுமையைக் கைகொடுத்து இறக்கிவிட்டவர்களும் உண்டு. அம்மா அவர்களை இன்றைக்கும் நினைத்துச் சொல்வார். "மற்றப் பயணிகளுக்கும் உரிமை உண்டு" என்று யாரும் எனக்குச் சொல்ல வர வேண்டாம். உண்டுதான். சுமை வைக்க வண்டியில் ஒரு மூலை ஒதுக்குங்கள், அது போதும். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வந்த ஒரு மூதாட்டியை நாறுகிறது என்று பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட வீடியோ தமிழ்நாடு முழுக்கப் பரவியது. எல்லோரும் அதிர்ச்சியானார்கள். எங்கள் ஊரில் யாருக்கும் அதிர்ச்சி இல்லை. கோபம்தான் இருந்தது.

சரி, வழிக்கு வருகிறேன். மணவாளக்குறிச்சி தாண்டினால் மண்டைக்காடு. பகவதி அம்மன் கோயிலில் மூலவரே புற்றுதான். மாசிக் கொடைக்குக் கேரளத்திலிருந்தும் பெண்கள் இருமுடி கட்டி வருவார்கள், அந்த நாட்களில் வண்டி நகராது. அடுத்து குளச்சல், பிறகு குறும்பனை, மிடாலம், இனயம், தேங்காய்ப்பட்டணம்.

டிசம்பர் கடைசியில் வந்தால் இந்தச் சாலை முழுக்க நட்சத்திரமும் குடிலும் இருக்கும். ஒவ்வொரு ஊரும் பக்கத்து ஊரை மிஞ்ச வேண்டும் என்று இளைஞர்கள் கண்விழித்துக் குடில் கட்டுவார்கள். ஆனால் நீங்கள் வருவது எப்படி? சென்னையில் வேலை பார்க்கிற எங்களுக்கே கிறிஸ்மஸுக்கு ரயில் டிக்கெட் கிடைப்பதில்லை. முன்பதிவு திறந்த சில நிமிடத்தில் காத்திருப்புப் பட்டியல் வந்துவிடும். ஆம்னி பஸ்காரர்கள் விமான டிக்கெட் விலை கேட்பார்கள். பண்டிகைக்கு மூன்று நாள் முன்னே செய்தியில் எச்சரிக்கை வரும், கட்டணம் மட்டும் இறங்காது. சென்னையிலிருந்து எழுநூறு கிலோமீட்டர் தள்ளி வீடு இருப்பது எங்கள் குற்றமா? கைக்குழந்தையோடு முன்பதிவில்லாப் பெட்டியில் கழிவறை வாசலில் உட்கார்ந்து வந்திருக்கிறேன். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணி கடலில் கலக்கிறது. கல்லில் கட்டிய பழைய பள்ளிவாசல் ஒன்று இருக்கிறது, பாருங்கள். பாலம் தாண்டினால் இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி. ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. ஆழ்கடலில் சுறாவுக்கும் சூரைக்கும் வாரக்கணக்கில் தங்கித் தூண்டில் போடுகிறவர்கள் இந்த ஊர்க்காரர்கள். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் கடலில் காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி, இந்த ஊர்ச் சனம் குழித்துறை ரயில் நிலையம் வரைக்கும் நடந்து போய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்தது. உள்ளூர் சாலையை வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு வரட்டும்.

சாலைக்கே இப்போது ஆபத்து வந்திருக்கிறது. ஆனி, ஆடியில் கடல் சீறும்போது வீட்டுக்குள் தண்ணீர் வரும். தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்பு) போட்ட இடத்தில் மணல் நிற்கிறது, போடாத பக்கத்து ஊரைக் கடல் அரிக்கிறது. வள்ளவிளை, நீரோடிப் பக்கம் சாலையையே கடல் தின்றிருக்கிறது. இதைச் சொன்னால் வளர்ச்சிக்கு எதிரி என்பார்கள். 2016-ல் இனயத்தில் துறைமுகம் என்று மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தபோதும், பிறகு அதைக் கோவளம், கீழமணக்குடிப் பக்கம் மாற்றப் பார்த்தபோதும் இந்தச் சாலையின் இரண்டு முனையிலும் மக்கள் உட்கார்ந்து போராடினார்கள். பாலமும் பஸ்ஸும் கேட்டு மனுக் கொடுத்ததும் இதே மக்கள்தான்.

பைக்கில் வருகிறீர்கள் என்றால் ஆனி, ஆடியைத் தவிர்த்து, மார்கழி, தை, மாசியில் வாருங்கள். காலையில் கன்னியாகுமரியில் கிளம்பினால் மத்தியானத்துக்கு முன்னால் குளச்சல் வந்துவிடலாம். ஊருக்குள் வேகம் வேண்டாம், சாலையில் வலை காயும், பிள்ளைகள் விளையாடுவார்கள். மீன் வாங்குவதானால் சாலையோரத்தில் சருவம் வைத்து உட்கார்ந்திருக்கிற பெண்களிடம் வாங்குங்கள், பேரம் பேசாமல். வள்ளவிளைக்கு மேல் சாலை அறுந்து கிடந்தால் மேப்பை நம்பாதீர்கள். ஊர்க்காரர்களைக் கேட்டு உள்வழியாகக் கொல்லங்கோடு போய்ப் பழைய உச்சக்கடை சேருங்கள், அங்கிருந்து கேரளா.