‘பாண்டம் ஆஃப் த பாரடைஸ்’ (1974): கேள்வி பதில்

கேள்வி: இயக்குநர் பிரையன் டி பால்மாவின் படங்களை வரிசையாகப் பார்க்கிறேன். இது பேய்ப்படமா, பாட்டுப்படமா?

பதில்: இரண்டும்தான். இசையமைப்பாளன் வின்ஸ்லோவின் பாட்டுகளை ஸ்வான் என்ற இசைக் கம்பெனி முதலாளி திருடுகிறான். முகம் சிதைந்த வின்ஸ்லோ முகமூடியோடு ஸ்வானின் ‘பாரடைஸ்’ அரங்குக்குள் புகுந்து பழிதீர்க்கிறான். ஃபாஸ்ட் (சாத்தானுக்கு ஆன்மாவை விற்றவன்), டோரியன் கிரே (தனக்குப் பதில் தன் ஓவியம் மூப்படைபவன்), ஓபரா பூதம் ஆகிய மூன்று கதைகளையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியிருக்கிறார்கள். மிகை நடிப்பு வேண்டுமென்றே செய்தது.

கேள்வி: படத்தில் பாடும் ஜூசி ஃப்ரூட்ஸ், பீச் பம்ஸ், அன்டெட்ஸ்... மூன்று குழுவிலும் ஒரே முகங்களா?

பதில்: ஆமாம், அதே மூன்று பேர்தான். ஐம்பதுகளின் எண்ணெய்த் தலை, அப்புறம் கடற்கரைச் சட்டை, அப்புறம் முகத்தில் கறுப்பு வெள்ளைப் பூச்சு. சரக்கு அதேதான், லேபிள் வேறு.

கேள்வி: ரெக்கார்டிங் அறையில் வின்ஸ்லோவின் கரகரத்த குரல் திடீரென்று இனிமையாவது எப்படி?

பதில்: படத்தின் ஆகக் கூர்மையான குத்தல் இதுதான். தொடக்கத்தில் பியானோவில் ‘ஃபாஸ்ட்’ பாட்டைப் பாடுவது, வின்ஸ்லோவாக நடித்த வில்லியம் ஃபின்லியின் சொந்தக் குரல். தொண்டை போன பிறகு, ஸ்வான் குமிழ்களைத் திருகித் திருகி வரவழைக்கும் குரல் பால் வில்லியம்ஸுடையது. ஸ்வானாக நடிப்பவரும் அவரே, பாட்டுகளை எழுதியவரும் அவரே. கலைஞனின் குரலைச் ‘சரிசெய்கிறேன்’ என்று முதலாளி தன் குரலையே வைத்துவிடுகிறான்! சவுண்ட்டிராக்கில் இரண்டு ‘ஃபாஸ்ட்’டையும் அடுத்தடுத்துக் கேட்டால் பளிச்சென்று பிடிபடும். அங்கே நிற்கும் இயந்திரமும் செட் அல்ல, ஸ்டீவி வொண்டர் ஆல்பங்களில் ஒலித்த டோன்டோ சிந்தசைசர். இன்னொன்று: ஸ்வான் மேடையேற்றும் ராக் பாடகன் பீஃபுக்குப் பாடியது நடிகர் கெரிட் கிரஹாம் அல்ல, ரே கென்னடி.

கேள்வி: விமான நிலையப் பேட்டிக் காட்சியில் கம்பெனி லோகோ ஆடுகிறதே, பிரின்ட் கோளாறா?

பதில்: இல்லை. ஸ்வானின் கம்பெனிக்கு முதலில் ‘ஸ்வான் சாங்’ என்று பெயர். படம் எடுத்து முடித்தபின், 1974இல் லெட் செப்பலின் என்ற ராக் குழு அதே பெயரில் லேபிள் தொடங்கியது. பெயரை மாற்றியே தீரவேண்டிய நிலை. செத்த பறவை போட்ட ‘டெத் ரெக்கார்ட்ஸ்’ சின்னத்தை ஆப்டிகல் முறையில் மேலே ஒட்டினார்கள். கேமரா அசையாத ஷாட்டில் ஒட்டு நிற்கும். கேமரா திரும்பினால் ஒட்டும் பின்னணியும் ஒரே சீராக நகராது, சின்னம் மிதக்கும். ஒட்ட முடியாதவற்றை வெட்டினார்கள். அப்படியும் சில இடங்களில் பழைய பெயர் தப்பித்திருக்கிறது, தேடிப் பாருங்கள்.

கேள்வி: தலைப்பு ஏன் இவ்வளவு நீளம்?

பதில்: வெறும் ‘பாண்டம்’ என்று வைக்கத்தான் நினைத்தார்கள். காமிக்ஸ் உரிமை வைத்திருந்த கிங் ஃபீச்சர்ஸ் குறுக்கே வந்தது. நம் ராணி காமிக்ஸின் முகமூடி வீரர் மாயாவிதான் அந்த பாண்டம்.

கேள்வி: வின்ஸ்லோவின் தலை சிக்கும் இசைத்தட்டு பிரஸ் டம்மியா?

பதில்: நிஜ இன்ஜெக்‌ஷன் மோல்டிங் பிரஸ். ஐடியல் டாய் கம்பெனியின் பொம்மைத் தொழிற்சாலையில் இருந்தது. முழுதாக மூடாதபடி இடையில் கட்டையும் ஃபோமும் வைத்தார்கள். அழுத்தத்துக்கு அவை தாங்கவில்லை. ஃபின்லி சமயத்தில் வெளியே வந்துவிட்டார்.

கேள்வி: ஓடாத படம் என்கிறார்களே?

பதில்: அமெரிக்காவில் ஓடவில்லை. கனடாவின் வினிபெக்கில் மாதக்கணக்கில் ஓடியது, பாரிஸிலும் வரவேற்பு. இசைக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. இதன் பரம ரசிகர்களான டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு எலக்ட்ரானிக் இசை இரட்டையர், 2013 ஆல்பத்தில் பால் வில்லியம்ஸைப் பாடவைத்தார்கள்.

கேள்வி: எந்தப் பிரதி வாங்கலாம்?

பதில்: ப்ளூரே. 4:3க்கு வெட்டிய பழைய டிவி பிரதி வேண்டவே வேண்டாம். மேடைக் காரில் குண்டு வைக்கும் காட்சியில் திரை இரண்டாகப் பிரியும். ஓரங்களை வெட்டினால் இரண்டு பக்கமும் அரைகுறையாகிவிடும். அந்தக் காட்சியை மட்டும் இரண்டு தடவை பாருங்கள், ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கம்.